சக்கரம் நுழையாத காடு

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அகஸ்டா என்ற சிற்றூரைத் தாண்டி மேற்கே போனால் கொஞ்ச தூரத்தில் தார்ச்சாலை முடிந்து சரளைப் பாதை தொடங்கிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியாகக் கிடந்த சமவெளியும் அதோடு முடிந்து, ராக்கி மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அந்த மலைகளுக்குள் ஏறத்தாழ 30 மைல் குலுங்கிக்கொண்டே போனால் பெஞ்ச்மார்க் என்ற இடம் வருகிறது. சாலை அங்கே நின்றுவிடுகிறது. குதிரைகளை ஏற்றிவந்த டிரெய்லர்களுக்கு ஒரு மைதானம், குதிரைகளைக் கட்ட மரக் கம்பங்கள், ஓர் அறிவிப்புப் பலகை. அப்பால் போக வேண்டுமானால் சொந்தக் கால் வேண்டும், இல்லையென்றால் குதிரைக் கால் வேண்டும்.

அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தொடங்குகிறது பாப் மார்ஷல் வனாந்தரம். 10 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காடு அது. தெற்கில் ஸ்கேப்கோட், வடக்கில் கிரேட் பேர் என்று அதை ஒட்டிய இரண்டு வனாந்தரங்களையும் சேர்த்தால் 15 லட்சம் ஏக்கரைத் தாண்டும். நம் நீலகிரி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய பரப்பின் குறுக்கே ஒரு சாலைகூடக் கிடையாது. எல்லாம் அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் உள்ள பொது நிலம். நுழைவுக் கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம், சக்கரத்தையும் இயந்திரத்தையும் வெளியே விட்டுவிட்டுப் போகலாம்.

இந்த விதி 1964 செப்டம்பர் 3-ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டத்திலிருந்து வருகிறது. மோட்டார் வாகனம், மோட்டாரில் ஓடும் கருவி, சைக்கிள் எதுவும் உள்ளே வரக்கூடாது. உயிராபத்து போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வனத்துறை ஊழியரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். பாதையில் மரம் விழுந்தால் மின்ரம்பமோ பெட்ரோல் ரம்பமோ இல்லாமல், இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து இழுக்கும் நீண்ட கைரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். உள்ளே இருக்கும் வனக் குடில்களுக்கு அரிசி பருப்பிலிருந்து ஆணி வரைக்கும் கோவேறு கழுதை முதுகில்தான் போகிறது. உலகின் மிகப் பணக்கார நாட்டின் அரசுத் துறை ஒன்று இன்றும் கழுதைகளை வளர்த்து, பொதி கட்டுபவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை வாங்குகிறது என்பதை முதலில் கேட்டபோது நம்ப முடியவில்லை. நேரில் பார்த்தபோது அதைவிடச் சரியான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றியது.

காட்டுக்குப் பெயர் தந்த பாப் மார்ஷல் நியூயார்க்கில் 1901-இல் பிறந்தவர். வனவியல் படித்து, 1920-களில் மொன்டானாவின் மிசூலாவில் ஆராய்ச்சிப் பணி பார்த்தார். ஒரே நாளில் 30 மைலுக்கு மேல் மலையில் நடப்பது அவருக்கு வழக்கம். சாலை போடாத நிலங்கள் நாட்டில் வேகமாகக் குறைந்துவருவதைக் கணக்கெடுத்துக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1935-இல் வனாந்தரச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். 1939-இல் ரயில் பயணத்தின்போது இறந்தபோது அவருக்கு வயது 38. அடுத்த ஆண்டே மூன்று காட்டுப் பகுதிகளை ஒன்றாக்கி அவர் பெயரை வைத்தார்கள். 1964-இல் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது.

ஸ்கேப்கோட் பகுதியின் கதை வேறு. 1960-களின் தொடக்கத்தில் மரம் வெட்டுவதற்காக அங்கே சாலை போட வனத்துறை திட்டமிட்டது. லிங்கன் என்ற சிறிய ஊரில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்த செசில் கார்லண்ட் அதை எதிர்த்துக் கிளம்பினார். கூட்டம் போட்டார், மனு எழுதினார், வாஷிங்டன் வரைக்கும் போனார். 1972-இல் ஸ்கேப்கோட் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. அரசுத் துறையின் திட்டத்தில் இல்லாமல், குடிமக்கள் கேட்டு வாங்கிய முதல் வனாந்தரம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஒரு கடைக்காரர் காட்டுக்காக நின்றதால்தான் அந்தப் பள்ளத்தாக்குகளில் இன்றும் குளம்படிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

நான் போனது செப்டம்பர் தொடக்கத்தில். உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டிக் குழுவோடு சேர்ந்துகொண்டேன். குழுவின் தலைவி ஐம்பதைத் தாண்டியவர், பொதி கட்டுவதில் சிறுவயதிலிருந்தே பழகியவர். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பாடம். உணவு, கூடாரம், பாத்திரம், தீவனம் என்று எல்லாவற்றையும் கனத்த கித்தானில் வைத்து, உறையில் கடிதத்தை மடிப்பதுபோல மடித்து, கயிறு போட்டு இறுக்கினார். ஒவ்வொரு பொட்டலத்தையும் சுருள்வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். ஒரு கோவேறு கழுதைக்குச் சுமார் 70 கிலோ; இரண்டு பக்கமும் அதைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் பொதிச் சேணம் மெல்லச் சரிந்து, முதுகுத்தோலை உராய்ந்து புண்ணாக்கிவிடும். புண்பட்ட விலங்கைக் காட்டின் நடுவில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் கைப்பிடியளவுச் சர்க்கரைப் பையைக்கூட இந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்து அந்தப் பொட்டலத்தில் சேர்த்தார்.

பொதி ஏறிய கழுதைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுகிறார்கள். பின்னால் வரும் கழுதையின் தலைக்கயிற்றை முன்னால் போவதன் சேணத்தோடு நேராகக் கட்டுவதில்லை. முன்னதன் சேணத்தின் பின்புறம் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத மெல்லிய கயிற்றில் ஒரு வளையம் தொங்குகிறது. கனமான தலைக்கயிறு அந்த வளையத்தில்தான் முடிகிறது. நான் அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, அறுந்துவிடாதா என்று கேட்டேன். “அறுந்துபோக வேண்டும் என்பதற்காகத்தான்” என்றார் தலைவி. ஒற்றையடிப் பாதையில் ஒரு கழுதை கால் தவறிச் சரிவில் உருண்டால் வளையம் அறுந்து அது மட்டும் விழும். கனமான கயிறாக இருந்தால் சங்கிலித் தொடராக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த வளையத்தைத் தினமும் காலையில் தொட்டுப் பார்த்து, நைந்திருந்தால் மாற்றினார். நல்ல கயிறு வீணாகிறதே என்று யாரும் அதைத் தடிமனாக்குவதில்லை.

எனக்குக் கிடைத்தது செம்பழுப்பு நிறக் குதிரை. அதிகம் உயரமில்லை, அகன்ற நெஞ்சு, நிதானம். ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் போனதும் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். வயிற்றுப் பட்டையை மறுபடி இறுக்க வேண்டும். சேணம் கட்டும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும்; நடக்கத் தொடங்கி உடல் தளர்ந்ததும் பட்டை தொய்ந்துவிடும். இதைக் கவனிக்காமல் ஏற்றத்தில் போனால் சேணம் சுழன்று ஆள் தரையில் கிடப்பார்.

பாதை சன் ஆற்றின் தெற்குக் கிளையை ஒட்டிப் போய், பிறகு மேற்கே திரும்பி அதன் துணைக்கிளையோடு மேலேறுகிறது. மலைப்பாதையில் சவாரி என்பது பெரும்பாலும் குதிரையைத் தொந்தரவு செய்யாமல் இருக்கும் கலை. ஏற்றத்தில் உடலை முன்னே சாய்த்து அதன் இடுப்புக்கு இடம்கொடுக்க வேண்டும். இறக்கத்தில் அங்கவடியில் காலை ஊன்றி நேராக உட்கார வேண்டும். கடிவாளத்தைத் தளர்வாக விட்டால் அது தலையைத் தாழ்த்திக் கல்லையும் வேரையும் தானே பார்த்துக் காலை வைக்கும். செங்குத்தான இறக்கம் வந்தால் இறங்கி நடந்தோம். நம் முழங்காலுக்கும் நல்லது, அதன் முன்னங்காலுக்கும் நல்லது. ஆற்றைக் கடக்கும்போது ஓடும் தண்ணீரைப் பார்க்காதே, எதிர்க்கரையைப் பார் என்றார்கள். தண்ணீரைப் பார்த்தால் குதிரை பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படுவதுபோலத் தோன்றித் தலை சுற்றும், நாம் சாய்வோம், அதன் நிதானமும் கெடும்.

குதிரை மேல் இருக்கும்போது காட்டைப் பார்ப்பதற்கு இரண்டாவதாக ஒரு ஜோடிக் கண்களும் காதுகளும் கிடைத்துவிடுகின்றன. என் குதிரையின் காதுகள் திடீரென்று ஒரே திசையில் குத்திட்டு நின்றால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒருமுறை காது நின்ற திசையில் பார்த்தபோது, ஆற்றோரப் புதரில் எல்க் மான் ஒன்று கொம்பை உயர்த்தி நின்றது. அது எங்களைப் பார்த்தது, குதிரைகளைப் பார்த்தது, பிறகு மேய்ச்சலைத் தொடர்ந்தது. நடந்துபோயிருந்தால் அது அவ்வளவு நேரம் நின்றிருக்குமா என்பது சந்தேகம். இந்தக் கிழக்குச் சரிவு 1913-லிருந்தே வேட்டை தடைசெய்யப்பட்ட சன் ஆற்றுப் பாதுகாப்பகம். செப்டம்பரில் ஆண் எல்க்குகள் எழுப்பும் நீண்ட சீழ்க்கைக் குரல் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

வழியில் பெரிய பெரிய எரிந்த காடுகள். 2007-இல் அஹோர்ன் தீ இந்தப் பக்கம் எரித்துப் போனது. பட்டை உரிந்து வெளுத்த மரங்கள் நெடுக நிற்க, கீழே இடுப்பளவு பைன் கன்றுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. லாட்ஜ்போல் பைனின் காய்களில் பல மெழுகு பூசியதுபோல இறுக மூடியிருக்கும். நெருப்புச் சூட்டில்தான் அவை பிளந்து விதை உதிர்க்கும். மின்னல் மூட்டும் தீயைச் சில சூழல்களில் எரிய விடுவதையும் இங்கே காட்டின் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதன் விலையும் அவர்களுக்குத் தெரியும். 1988 கோடையில் ஸ்கேப்கோட்டில் மின்னலால் தொடங்கிய கேன்யன் கிரீக் தீ, இலையுதிர்காலக் காற்றில் வெளியே பாய்ந்து 2 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. எரிந்த மரங்கள் ஒவ்வொரு காற்றுக்கும் பாதையில் விழுகின்றன. கைரம்பக்காரர்களுக்கு வேலை ஓய்வதே இல்லை.

முகாமுக்கு வந்து இறங்கினால் ஓய்வு என்று நினைத்தவர்கள் முதல் மாலையே உண்மையைத் தெரிந்துகொண்டார்கள். முதலில் விலங்குகள், அப்புறம்தான் மனிதர்கள். பொதியை இறக்கி, சேணத்தை அவிழ்த்து, முதுகை வருடி வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று பார்த்து, குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கொக்கியால் நோண்டி எடுத்து, தண்ணீர் காட்ட வேண்டும். ஒரு குதிரை நாளொன்றுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். தன் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு தீனி தின்னும். அரை டன் எடையுள்ள இப்படிப்பட்ட விலங்கு பத்துப் பதினைந்து சேர்ந்து ஓர் இரவு தங்கினால் அந்த இடம் என்னாகும்?

குதிரை முகாமின் கலை முழுவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான். குதிரையை மரத்தில் கட்டக்கூடாது. சலிப்பில் அது முன்னங்காலால் தரையைத் தோண்டும், வேர் வெளியே வரும், பட்டையைக் கடிக்கும், சில இரவுகளில் ஒரு மரம் செத்துவிடும். அதனால் உறுதியான இரண்டு மரங்களில் அகலமான பட்டைகளைச் சுற்றி, அவற்றுக்கு நடுவே தலைக்கு மேல் உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுகிறார்கள். குதிரைகளை அந்தக் கயிற்றில் இடைவெளிவிட்டுக் கட்டினால் மரத்தின் வேருக்கு அருகே குளம்பு படாது. கயிறு கட்டும் இடம் பாறையும் காய்ந்த மண்ணுமாக இருக்க வேண்டும். ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மேய்வதற்கு முன்னங்கால்களில் தளை போட்டு, மணி கட்டி அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு வெள்ளைப் பெண்குதிரை இருந்தது. கோவேறு கழுதைகளுக்குப் பெண்குதிரையிடம் தனிப் பிரியம். அந்தக் குதிரை எங்கே மேய்கிறதோ அங்கேயே அவையும் மேய்ந்தன. அதன் கழுத்து மணி கேட்கும் தூரத்தை விட்டு ஒன்றும் போகவில்லை.

தீவனத்திலும் கட்டுப்பாடு உண்டு. களைவிதை கலக்காதது என்று சான்றளிக்கப்பட்ட வைக்கோலோ தீனிக் குளிகையோதான் உள்ளே கொண்டுவரலாம். ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்பாட்டட் நாப்வீட், ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த லீஃபி ஸ்பர்ஜ் போன்ற களைகள் மொன்டானாவின் மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கியவை. அவற்றின் விதை குதிரையின் வயிற்றைக் கடந்து சாணத்தில் முளைக்கும். அதனால் பயணத்துக்குச் சில நாள் முன்பே வீட்டில் சுத்தமான தீனி கொடுக்கத் தொடங்குகிறார்கள். உள்ளே வருமுன் பிடரிமயிரையும் வாலையும் வாரிவிடுகிறார்கள். ஒரு பிடி விதை ஒரு பள்ளத்தாக்கைக் கெடுத்துவிடும் என்பதைத் தலைவி சொன்ன விதத்தில் பயமுறுத்தல் இல்லை. பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பிறகு கரடி. இந்தப் பகுதியையும் கிளேசியர் தேசியப் பூங்காவையும் உள்ளடக்கிய வட்டாரத்தில் 1,000-க்கு மேற்பட்ட கிரிஸ்லி கரடிகள் இருக்கின்றன. உணவை மட்டுமல்ல, பற்பசையையும் குதிரைத் தீனியையும்கூடத் தரையிலிருந்து 10 அடி உயரத்திலும் மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளியும் தொங்கவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் கரடியால் திறக்க முடியாத பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். ஒரு தடவை மனிதர் உணவின் சுவை கண்ட கரடி மறுபடி வரும், கடைசியில் சுடப்படும். அந்த உணவு மூட்டையை உயர ஏற்றுவது எங்களைக் காப்பாற்ற மட்டுமில்லை, கரடியைக் காப்பாற்றவும்தான். இருட்டிய பிறகு களைத்துப்போன கைகளால் அந்தக் கயிற்றை இழுக்கும்போது இதை நினைத்துக்கொண்டால் கை வலி குறைந்தது.

பள்ளத்தாக்கின் உச்சிக்கு வந்ததும் மரங்கள் விலக, சீனச் சுவர் தெரிந்தது. சுமார் 22 மைல் நீளத்துக்கு, இடையில் எங்கும் விட்டுக்கொடுக்காமல், ஆயிரம் அடி உயரத்தில் நிற்கும் சுண்ணாம்புக்கல் பாறை. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில், கடலடியில் படிந்த சேறு அது. ராக்கி மலைகள் உருவானபோது பூமியின் மேலோடு மேற்கிலிருந்து நெருக்கப்பட்டு, பழைய பாறை இளைய பாறையின் மேல் ஏறிக்கொண்டது. மேற்குப் பக்கம் சரிவாக ஏறும் மலை, கிழக்கில் வெட்டிவிட்டதுபோல முடிகிறது. அதன் உச்சிக்கோடுதான் கண்டத்தின் நீர்ப்பிரிமுகடு. அந்தப் பக்கம் விழும் மழை ஃபிளாட்ஹெட், கொலம்பியா ஆறுகள் வழியே பசிபிக்கைச் சேரும். நாங்கள் நின்ற பக்கத்து மழை சன், மிசூரி, மிசிசிப்பி என்று போய் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும். பிளாக்ஃபீட், சாலிஷ், கூட்டனாய் மக்கள் இந்தக் கோட்டின் இரு பக்கமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். மேற்கு மக்கள் காட்டெருமை வேட்டைக்காக மலையைக் கடந்து சமவெளிக்கு வந்தார்கள். இன்றைய சவாரிப் பாதைகள் பலவற்றுக்கு அவர்கள் கால்தடம்தான் அடித்தளம்.

சுவரின் அடிவாரத்தில் முகாம் போட அனுமதி இல்லை. ஒருகாலத்தில் எல்லோரும் அங்கேயே தங்க விரும்பியதால் புல் மிதிபட்டு மண் வெளுத்தது. அந்த உயரத்தில் தாவரம் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பகலில் போய்ப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். நாங்கள் குதிரைகளைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். பாறை விளிம்பில் மலை ஆடுகள் குட்டிகளோடு படுத்திருந்தன. அவ்வளவு அழகான இடத்தில் ஓர் இரவு கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எல்லோருக்கும் இருந்தது. ஆனால் அந்த ஏக்கத்தை எல்லோரும் சுமப்பதால்தான் அங்கே புல் இருக்கிறது.

குதிரை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இந்தக் காட்டில் பழையது. நடந்துபோகிறவர்களில் பலருக்குச் சாணமும் குழிவிழுந்த பாதையும் கோபமூட்டுபவை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குதிரைக்காரர்களையே காட்டை விட்டு வெளியேற்றிவிடுவார்கள் என்ற அச்சம் வந்தபோது, 1973-இல் ஃபிளாட்ஹெட் பள்ளத்தாக்கில் சிலர் கூடி பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உரிமை வேண்டும் என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. குறைந்த சேதத்தில் முகாமிடுவது எப்படி என்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தங்கள் விலங்குகளிலேயே ரம்பமும் மண்வெட்டியும் ஏற்றிப் போய்ப் பாதைகளைச் சீர்செய்தார்கள். பின்னர் அது நாடு முழுவதும் பரவியது. வனத்துறையின் பணமும் ஆளும் போதாத இடங்களில், நடந்துபோகிறவர்களின் பாதையைத் திறந்து வைப்பது பெரும்பாலும் இந்தத் தன்னார்வக் குதிரைக்காரர்களின் உழைப்புதான். கெடுக்கக்கூடியவரே காப்பவராக மாறுவதற்குச் சட்டம் மட்டும் போதாது; செய்யும் வேலை மேல் பெருமையும் வேண்டும். அந்தப் பெருமையை நான் அங்கே முகம் முகமாகப் பார்த்தேன்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் யெல்லோஸ்டோனுக்கும் கிளேசியருக்கும் காரில் போய்வருவது இன்று வழக்கமாகிவிட்டது. அவர்கள் ஒரு கோடையில் பாப் மார்ஷலையும் நினைக்க வேண்டும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். அதற்கு முன் கணவாய்களில் பனி, பின்னால் வேட்டைக் கூட்டம். சொந்தக் குதிரை இல்லாதவர்கள் குதிரையில் போக விரும்பினால் உரிமம் பெற்ற குழுவோடு போவது நல்லது. போவதற்கு முன் சில மாதம் ஒரு லாயத்தில் சவாரி பழகிக்கொள்வது அவசியம். பழகாத உடல் முதல் நாளே முறுக்கிக்கொள்ளும். குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது சாப்பாடு என்ன, கூடாரம் எப்படி என்பதைப் பிறகு கேட்கலாம். குதிரைகள் இரவில் எங்கே கட்டப்படும், என்ன தின்னும், முகாமைக் கலைக்கும்போது என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். சாணத்தைப் பரப்பிவிடுவோம், தோண்டிய குழிகளை மூடுவோம், அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்று தயங்காமல் பதில் சொல்பவரோடு போங்கள். அந்தக் காட்டை அறுபது ஆண்டுகளாகக் காப்பாற்றி வருவது அப்படிப்பட்டவர்களின் அன்றாட வேலைதான். போகிற நாமும் அதில் ஒரு பங்கைச் செய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.